தரங்கம்பாடிக் கரை

தரங்கம்பாடி என்ற பெயருக்கு 'அலைகள் பாடும் ஊர்' என்று பொருள் சொல்லும் வழக்கம் நன்றாகப் பரவிவிட்டது. வழிகாட்டி நூல்களும் அப்படியே எழுதுகின்றன. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தரங்கம் என்றால் அலை என்பது சரி. பாடி என்பது பாடும் தொழிலைக் குறிப்பதன்று. வாணியம்பாடி, திருமழபாடி முதலிய ஊர்ப் பெயர்களில் வருகிறதே, அந்தப் பாடிதான் இதுவும். மக்கள் குடியேறி வாழும் ஊர் என்று அதற்குப் பொருள். இன்னும் சற்றுப் பின்னே போனால் அலைகூட மறைந்துவிடுகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இவ்வூர்ச் சிவன் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இந்த இடத்தைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. குலசேகரன்பட்டினம் என்ற மறுபெயரும் இருந்தது. சடங்கன்பாடி எப்போது தரங்கம்பாடியாகத் திரிந்தது என்பதை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடுவோம். பின்னால் வந்த ஐரோப்பியர் நாவில் அது டிராங்குபார் ஆயிற்று. பாட்டுக் கேட்கும் ஆவலோடு அங்கே போகும் மாணவர்கள் ஏமாந்து திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை முதலிலேயே சொல்லிவைத்தேன். அங்கே அலை பாடுவதில்லை. கரையில் மோதி உடைகிறது. அந்த ஓசைக்கும் இவ்வூரின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரையில் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மயிலாடுதுறையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. தெற்கே காரைக்கால், வடக்கே திருக்கடையூர், அதற்கும் வடக்கே பூம்புகார். ஒரு காலத்தில் ரயிலிலேயே போயிருக்கலாம். மாயவரத்திலிருந்து ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகச் செல்லும் சிறு பாதை ஒன்று 1926இல் திறக்கப்பட்டு, 1986 வரையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். நான் பஸ்ஸில்தான் சென்றேன். தை மாதத்தின் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பார்த்துக்கொண்டே வருகிறவனுக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரிவதில்லை. பொறையாற்றைக் கடந்த பிறகுதான் காற்றில் உப்பின் வாடை ஏறுகிறது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை பூசிய வாயில் ஒன்று நிற்கிறது. 1792இல் கட்டப்பட்டது. அதன் முகப்பில் டென்மார்க்கு அரசரின் முத்திரை இருக்கிறது. அந்த வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கிழக்கு நோக்கிக் கடலில் போய் முடிகிறது. வீதியின் இரு பக்கமும் 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம், கவர்னர் வாழ்ந்த மாளிகை, பருத்த தூண்களை உடைய பழைய வீடுகள். பிரயாணிகள் பெரும்பாலும் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடற்கரைக்கு வந்து சேர்கிறார்கள். மாணவ நண்பர்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு. இடையில் எங்கும் நில்லாமல் நேரே கடற்கரைக்குச் சென்றுவிடுங்கள். அலை கால் நனைக்கும் இடத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஊரைப் பாருங்கள். இந்த ஊரைக் கட்டியவர்கள் பஸ்ஸில் வந்தவர்கள் அல்லர். அவர்கள் முதலில் கண்ட தோற்றம் இதுதான்.

அப்படி நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழும். துறைமுகப் பட்டினம் என்கிறார்களே, துறைமுகம் எங்கே? கப்பல் வந்து ஒதுங்குவதற்கு ஒரு குடாவோ, அலையை மறிக்கும் ஒரு முனையோ இல்லை. வளைவு நெளிவு இல்லாத மணற்கரை வடக்கும் தெற்கும் நீண்டு கிடக்கிறது. சோழமண்டலக் கரை முழுவதும் ஏறக்குறைய இப்படித்தான். சென்னையே இதற்கு விலக்கன்று. அங்கே இன்று இருக்கும் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லைக் கொட்டி மனிதர் உண்டாக்கியது.

ஆகவே பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தொலைவில், ஆழமுள்ள இடத்தில், நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து மனிதரும் சரக்கும் சிறு படகுகளில் கரை சேர வேண்டும். இடையில் இருக்கிறது அந்த அலை உடையும் வரிசை. ஆழ்கடலில் அலை நிம்மதியாக உருண்டு வருகிறது. நீரின் ஆழம் குறையக் குறைய அதன் அடிப்பகுதி தரையில் உராய்ந்து வேகம் குறைகிறது. பின்னால் வரும் நீர் மேலே மேலே ஏறிக் குவிகிறது. ஓர் அளவுக்கு மேல் நிற்கமாட்டாமல் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசைகள் உடைவதை நீங்கள் கரையிலிருந்தே எண்ணலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த ஓடங்கள் ஆணியடித்து இறுக்கிய பலகைகளால் ஆனவை. அலை தூக்கித் தரையில் அடித்தால் பலகை பிளந்துபோகும். நம் கரையோர மக்களிடம் வேறு வகைப் படகு இருந்தது. பலகைகளைத் தென்னங் கயிற்றால் தைத்து, ஆணியே இல்லாமல் செய்த மசூலாப் படகு அது. அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. படகு செல்ல முடியாத கடுங்கடலிலும் கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகக் கட்டுமரம் இருந்தது. ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று வழங்கும் சொல் நம்முடைய கட்டுமரமே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைக்காற்று எழுந்துவிட்டால் இவையும் போகமாட்டா. கப்பல்கள் வேறு புகலிடம் தேடி ஓடிவிடும், ஊர் காத்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், தரங்கம்பாடியைப் பற்றிய நூல்களில் அரசர்கள், கவர்னர்கள், வணிகர்கள், பாதிரிமார்கள் என்று எத்தனையோ பெயர்கள் வருகின்றன. அந்த அத்தனை பேரையும் கடைசி அரை மைல் தூரம் அலையைத் தாண்டிக் கரை சேர்த்த படகோட்டிகளின் பெயர் ஒன்றுகூட நம் பாடநூல்களில் இல்லை. அவர்கள் வரமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

இனி, டென்மார்க்கு நாட்டார் இங்கே வந்த கதை. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கப்பட்டது. கண்டி அரசரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இலங்கையில் கால் ஊன்றலாம் என்ற எண்ணத்துடன் 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. தலைமை தாங்கியவர் ஓவே கெட்டே. இருபத்தைந்து வயதுகூட நிறையாத இளைஞர். இலங்கையில் காரியம் கைகூடவில்லை. முன்னதாக வந்த கப்பல் ஒன்று காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியரிடம் அடிபட்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்னும் வணிகர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அரசவையை அடைந்தார். இரகுநாதர் இசையிலும் இலக்கியத்திலும் வல்லவர். அரசியல் கணக்கிலும் குறைந்தவர் அல்லர். போர்ச்சுகீசியருக்கு எதிராக மற்றொரு ஐரோப்பியக் கூட்டத்தை வைத்துக்கொள்வது நல்லது என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் அனுப்பிய கடிதம் ஓலை வடிவில் அமைந்த பொன்னேடு. வாசகம் தமிழ், நாயக்கரின் கையொப்பம் தெலுங்கு. அந்தப் பொன்னேடு கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் களரியில் இருக்கிறது.

ஊர் கிடைத்தது, டான்ஸ்போர்க்கு என்ற பெயரில் கோட்டையும் எழும்பியது. ஆனால் ஐரோப்பாவில் நடந்த போர்களில் டென்மார்க்கு நொடித்துப் போயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு கப்பலும் வரவில்லை. இருந்த டேனியர் நோயாலும் முதுமையாலும் ஒவ்வொருவராக மறைந்தனர். 1655இல் கோட்டையில் எஞ்சியிருந்த டேனியர் ஒரே ஒருவர். அவர் பெயர் எஸ்கில் கோங்ஸ்பாக்கே. பெரிய குடியிற் பிறந்தவரும் அல்லர், கல்வி கற்றவரும் அல்லர் என்கிறார்கள். சம்பளம் கொடுப்பார் இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதினால் பதிலும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவர் தம் நாட்டுக் கொடியை இறக்காமல் வைத்திருந்தார். வங்காள விரிகுடாவில் சென்ற கப்பல்களைப் பிடித்து விற்று, அந்தப் பணத்தில் செலவை நடத்தி, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். இதைக் கடற்கொள்ளை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அவருடைய விடாப்பிடியை வியக்கிறேன். அவருடைய வருமானத்தை என்னால் வியக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தனி மனிதர் ஒரு பட்டினத்தை ஆளவும் காக்கவும் முடியாது. மதிலுக்குக் கல்லும் செங்கல்லும் சுமந்தவர்கள், இரவில் காவல் நின்றவர்கள், கப்பலைத் துரத்திச் சென்ற மாலுமிகள் எல்லோரும் இந்த மண்ணைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்திருக்க முடியும். 1669இல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்து நங்கூரமிட்டபோது கோங்ஸ்பாக்கே உயிரோடு இருந்தார். அவரையே தலைவராக நியமித்துவிட்டார்கள்.

கோட்டையைப் பார்க்கும்போது இந்த மனிதரை நினைத்துக்கொண்டு பாருங்கள். சுவர்கள் வேறு விதமாகத் தோன்றும். கீழ்த் தளத்தில் சரக்கு அறைகளும் சிறையும். மேல் தளத்தில் கவர்னர் குடியிருந்த பகுதி. ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னும், 1978 வரையில், இதைப் பிரயாணிகள் தங்கும் விடுதியாக வைத்திருந்தார்கள். பிறகு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஏற்றுக்கொண்டது. உள்ளே ஒரு பொருட்காட்சி இருக்கிறது. சீனத்துத் தேயிலை ஜாடிகள், பீங்கான் சில்லுகள், சிறு பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்பு என்று ஒழுங்கு அதிகம் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஜாடிகளைப் பார்க்கப் பிடித்திருந்தது. சீனாவில் செய்த ஜாடி, டேனியக் கப்பல், தமிழ்நாட்டுக் கரை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்படி வியாபாரம் நடந்திருக்கிறது.

தமிழ் மாணவர்களுக்குத் தரங்கம்பாடியின் பெயர் பழக்கமானது அச்சுக் கலையினால்தான். 1706 ஜூலை 9ஆம் நாள் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ என்னும் இரண்டு ஜெர்மானியர் இங்கே வந்து இறங்கினர். டென்மார்க்கு அரசர் அனுப்பிய சமய ஊழியர்கள் அவர்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்துநான்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் தேடிச் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கத்துடன் ஒரு பட்டியல் எழுதினார். அந்தக் காலத்தில் எந்தெந்தச் சுவடிகள் வழக்கில் இருந்தன என்று அறிய விரும்புவோர்க்கு அது இன்றும் கைவிளக்கு. அதே ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவரோடு பிணக்கு ஏற்பட்டு நான்கு மாதம் அந்தக் கோட்டையிலேயே சிறையிருந்தார்.

இந்தியாவிலேயே முதல் தமிழ் நூல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. ஆனால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. சீகன்பால்கு காலத்தில் தமிழ் அச்சு ஏறக்குறைய மறந்துபோன கலையாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி அனுப்பினார்கள். வழியில், பிரேசில் நாட்டுக் கரைக்கு அருகே, அது வந்த கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிற்று. எப்படியோ மீண்டு, 1712இல் பொறி தரங்கம்பாடியை அடைந்தது. அந்தக் கனத்த இரும்பும் மரமும் தைத்த படகில் ஏறி அலை வரிசையைத் தாண்டிய நாளை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு கயிறு அவிழ்ந்திருந்தால் தமிழ் அச்சின் வரலாறு இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை மிகப் பெரியவையாக இருந்தமையால் காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். காகிதமும் போதவில்லை; பொறையாற்றில் காகிதப் பட்டறை வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு ஆராய்ந்து எழுதிய நூலை மட்டும் ஐரோப்பாவில் இருந்த மேலோர் அச்சிட விரும்பவில்லை. அவர் 1719இல், முப்பத்தாறாம் வயதில், இறந்தார். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவருடைய சமாதி புதிய எருசலேம் தேவாலயத்தில் இருக்கிறது.

அறிவியல் மாணவர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. தாவர நூல் வல்லுநர் லின்னேயஸிடம் பயின்ற கோனிக் என்பவர் 1768இல் மருத்துவராக இங்கே வந்து, இந்தப் பகுதியின் செடிகொடிகளை ஆராய்ந்தார். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன மாதிரிகள் பல. நம் நாட்டில் காணப்படும் செந்நிறப் புறா ஒன்றின் அறிவியல் பெயரின் பிற்பகுதி 'டிராங்குபாரிக்கா' என்பது. ஊரின் பழைய ஐரோப்பியப் பெயரை ஊரார் மறந்தாலும் அந்தப் பறவை சுமந்துகொண்டிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தரங்கம்பாடியின் செல்வம் உச்ச நிலையில் இருந்தது. காரணம் விசித்திரமானது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓயாமல் போரிட்டார்கள். டென்மார்க்கு நடுநிலை வகித்தது. மற்றவர் கப்பல்களுக்கு ஆபத்து இருந்தபோது டேனியக் கொடி பறந்த கப்பல் பத்திரமாகப் போயிற்று. பிறர் சண்டையில் கிடைத்த இலாபம் சண்டையின் போக்கு மாறியதும் போய்விட்டது. 1801இலும் பிறகு 1808 முதல் 1815 வரையிலும் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. கடைசியில் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1861இல் ரயில் பாதை நாகப்பட்டினத்தைத் தஞ்சாவூரோடு இணைத்தது. அதற்கு மேல் தரங்கம்பாடியில் சரக்கை ஏற்ற யார் வருவார்கள்?

கோட்டையிலிருந்து வடக்கே சிறிது தூரம் கரையோடு நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. நான் முன்பு சொன்ன கல்வெட்டு இந்தக் கோயிலைச் சேர்ந்ததே. டேனியர் வரைந்த பழைய நகர வரைபடங்களில் இந்தக் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே நிலம் இருக்கிறது. அந்த நிலம் இன்று இல்லை. கோயிலின் முன்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோயிற்று. எஞ்சியதைக் காப்பதற்காகப் பெரும் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். பக்தர்கள் புதுப்பித்துக் கட்டியும் இருக்கிறார்கள். பாறைகளின் இடுக்கில் நீர் புகுந்து சீறும் ஓசை சந்நிதி வரைக்கும் கேட்கிறது.

கடல் ஏன் இப்படி நிலத்தை உண்கிறது? கோபம் என்றும் சாபம் என்றும் சொல்வதை விட்டுவிட்டு மணலின் நடமாட்டத்தைப் பார்க்க வேண்டும். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலேற்றிவிட்டு, திரும்பும்போது நேராகக் கீழே இறக்குகிறது. ஆகவே ஒவ்வொரு மணியும் பல்வரிசை போன்ற பாதையில் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில் தெற்கே வருகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். போகும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் மணல் வந்துகொண்டிருந்தால் கரை நிலைக்கும். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் இந்தக் கரையையே உண்டாக்கின. ஆற்றில் அணைகள் எழுந்தால் தண்ணீரோடு மணலும் தேங்கிவிடுகிறது. கடலுக்குள் சுவர் கட்டினால் அதன் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். சென்னைத் துறைமுகத்தில் இதைக் கண்ணாலே காணலாம். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரீனாவில் மணல் பரந்தது. வடக்கே இராயபுரத்துக் கரை கரைந்தது. பாறைகளைக் கொட்டுவதும் முழு மருந்து ஆகாது. பாறையில் மோதித் திரும்பும் அலை அதன் அடியில் உள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. பாறை வரிசை முடியும் இடத்தில் அரிப்புத் தொடங்குகிறது. ஒரு கோயிலைக் காக்கப் போட்ட கல் பக்கத்துக் குடியிருப்புக்கு வினையாக முடிவதும் உண்டு. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாகச் சொல்கிறது. அந்தப் பட்டினம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்கும் குறைவு.

மெல்ல மெல்ல அரிப்பது ஒரு வகை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வந்தது வேறு வகை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏறியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். தரங்கம்பாடியில் கோட்டை நின்றது, தேவாலயங்கள் நின்றன. கரையோரத்து மீனவர் குடியிருப்பு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள், பெண்களும் குழந்தைகளும் அவர்களில் மிகுதி.

அதற்குப் பிறகு இந்த ஊருக்கு இரண்டு வகை உதவி வந்தது. பழைய மாளிகைகளையும் வாயிலையும் கவர்னர் இல்லத்தையும் செப்பனிடும் பணி ஒன்று. டென்மார்க்கிலிருந்தும் அதற்கு ஆர்வமும் பொருளும் வந்தன. நல்ல வேலை; நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். மற்றொன்று மீனவர்களுக்கு வீடு. கடற்கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய கான்கிரீட் வீடுகள் கட்டித் தரப்பட்டன. உயிரைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால் அந்த வீடுகளைப் பற்றிக் கரையில் பேச்சு வேறு விதமாக இருக்கிறது.

பாறைகளுக்குப் பக்கத்தில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் சிறிது நேரம் உட்கார்ந்து பேசினேன். "பெரியவரே, புது வீடு வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு என்ன ஐயா குறை? மழை ஒழுகவில்லை. ஆனால் வாசலில் நின்றால் கடல் தெரியவில்லையே" என்றார்.

நான் இதை ஏதோ மனத்தின் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தேன். அவர் விடவில்லை. விரலை மடக்கி மடக்கிக் காரணம் சொன்னார். விடியுமுன் எழுந்து வாசலில் நின்றே காற்று வாடையா, கொண்டலா, சோழகமா என்று பார்க்க வேண்டும். நீரின் நிறத்தையும் பறவை இறங்கும் இடத்தையும் பார்த்துத்தான் இன்றைக்குத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். முன்பு வலையும் துடுப்பும் வீட்டு ஓரத்தில் கிடந்தன. இப்போது கண்ணாடி நார்ப் படகின் இயந்திரத்தை யார் பார்வையில் விட்டுவிட்டு இத்தனை தூரம் தூங்கப் போவது? மகன் கரை சேரும் நேரத்தில் மருமகள் கூடையோடு அங்கே இருக்க வேண்டும். நேரம் தவறினால் மீன் வேறு கைக்குப் போய்விடும். "கடலுக்குப் பயப்பட வேண்டியதுதான் ஐயா. பயந்தால் அதைப் பார்த்துக்கொண்டல்லவா இருக்க வேண்டும்?" என்றார்.

அவர் வீட்டார் இரண்டு இடத்திலும் வாழ்கிறார்கள். பேரப்பிள்ளைகள் படிப்பதற்கும் இரவில் படுப்பதற்கும் புது வீடு; பெரியவர்கள் பகல் முழுவதும் கரையில் கீற்றுக் கொட்டகையில். அவரைப் போலவே இன்னும் சிலர் செய்கிறார்களாம். சிலர் மழைக்காலத்தில் மட்டும் உள்ளே போய்விடுகிறார்கள். கரையில் இருந்த பழைய மனைகளை நாளைக்கு யார் கேட்பார்கள், பிரயாணிகளுக்கு விடுதி கட்ட வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற பேச்சும் அவர்களிடையே நடக்கிறது. பழைய கரை எங்கே இருந்தது என்று கேட்டேன். ஊசியைப் பிடித்த கையாலேயே, அலை முதலில் உடையும் வரிசைக்கு அப்பால், நீரைச் சுட்டிக்காட்டினார். பிறகு வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கினார்.